என் பேரில் ஒரே ஒரு ரிப்பீட்

போன மாதம் சத்யா போன் பண்ணியது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது எக்ஸ்ரே டெக்னீஷியன். நான் ஓய்வு பெற்ற வருஷம்தான் அங்கே சேர்ந்த பெண்.

"வேலண்ணா, நல்லா இருக்கீங்களா? பழைய நோட்டெல்லாம் கழிச்சுக் கட்டச் சொல்லிட்டாங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. ரிப்பீட் நோட்டைப் புரட்டிப் பார்த்தோமுங்க. அதுல உங்க பேரு இருக்குதுங்ணா."

"எத்தனை இடத்துல?"

"ஒரே இடத்துல."

"அப்பச் சரியாத்தான் இருக்குது."

"எம் பேர்ல ஒண்ணுகூட இல்லைன்னு அந்தக் காலத்துல பீத்திக்குவீங்களாமுங்களே?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "கமுக்கமாக் கிழிச்சுப் போட்றட்டுங்களா? உங்க மானத்தைக் காப்பாத்தின புண்ணியம் எங்களுக்கு."

"கிழிச்சீன்னா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பேன் கண்ணு."

அப்புறம்தான் சத்யா விஷயத்தைச் சொன்னது. அடிபட்ட மாதிரி உடம்பில் கன்றி நீலம் கண்ட சின்னக் குழந்தைகளுக்கு எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும், எப்போது வேண்டாம் என்று ஒரு பேப்பர் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். அதில் இருப்பதை எல்லாம் நம் ஆஸ்பத்திரியில் அப்போதே செய்துகொண்டிருந்தோம் என்று யாரோ சொன்னார்களாம். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றது. எட்டாவது பெயிலான ஆளிடம் கட்டுரை கேட்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டதற்காக எழுதுகிறேன். பெருமைக்கு எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமையும் இருக்கிறது. அந்த ஒரு ரிப்பீட்டும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

நான் கிணத்துக்கடவுப் பக்கம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலைக்குத்தான் கோயமுத்தூர் வந்தேன். எக்ஸ்ரே ரூம் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு காத்து நிற்கிற நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிறகு டார்க் ரூமில் பிலிம் கழுவ விட்டார்கள். கழுவும்போதே எந்தப் படம் யார் எடுத்தது என்று சொல்வேன். அங்கிருந்து மிஷின். தபால் வழியில் பத்தாவது முடித்து, நாற்பது வயதில் சர்டிபிகேட் பரீட்சை எழுதினேன். கூட உட்கார்ந்து எழுதினவர்கள் எல்லாம் என் மகள் வயது. அதில் பாதிப்பேர் பாஸ் பண்ணினது, நான் இடைவேளையில் சொல்லிக் கொடுத்ததால்தான். இதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

மொத்தம் முப்பத்தேழு வருஷம். குழந்தைகளை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெரியவர்களிடம் மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க என்று சொல்லலாம். நாலு மாதக் குழந்தையிடம் என்ன சொல்வது? அது வீறிட்டு அழும். அழுதபடியே இருந்தாலும் இரண்டு அழுகைக்கு நடுவே மூச்சை இழுக்க ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியில் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணால் பார்த்து அமுக்கினால் பிந்திவிடும். காதால் கேட்டு, அடுத்த மூச்சு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்து அமுக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொன்றும் என் கைவசம் இருந்தது. தலை முதல் கால் வரை முழுக் குழந்தையையும் ஒரே பிலிமில் அடக்கிவிடுவேன். கையைக் காலை நீட்டி, மணல் பை வைத்து, ஒரே அமுக்கு. குழந்தைக்குக் கதிர் மிச்சம், நேரம் மிச்சம். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ரிப்பீட் நோட்டு என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். எடுத்த படம் சரியில்லாமல் மறுபடி எடுக்க நேர்ந்தால், யார் எடுத்தது, என்ன காரணம் என்று அதில் எழுத வேண்டும். நோயாளி உடம்பில் காரணமில்லாமல் இரண்டாவது தரம் கதிர் விழுகிறது இல்லையா, அதற்குப் பதில் சொல்ல ஒரு நோட்டு. அசைவு, கருப்பு, வெளுப்பு, இடம் தவறு என்று நாலு காரணம் அச்சடித்திருக்கும். டிக் போட்டால் போதும். அந்த ஒன்றுக்கு முன்னால் என் பேர் அந்த நோட்டில் ஏறினதே இல்லை. இதை நான் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். நோயாளிகளிடமும் சொல்வேன்.

எங்கள் ரேடியாலஜிஸ்ட் ஹேமலதா மேடம் வால்பாறைக்காரர். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வேலை பார்த்தவரின் மகள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார், தரை துடைக்க வருகிறவரையும். படம் நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த படத்தை மாட்டிவிடுவார். கெட்டுப்போயிருந்தால் மட்டும், "பரவால்லீங்க" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு டிபார்ட்மென்டே பயப்படும். வேறு இடத்தில் நோட்டைத் தூக்கி முகத்தில் அடித்த டாக்டரிடம் வேலை பார்த்தவர்கள்கூட, இதற்கு அதுவே தேவலை என்பார்கள்.

அவரிடம் ஒரு கருப்பு அட்டை உண்டு. பிலிம் டப்பாவுக்குள் வருகிற அட்டைதான். அதன் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருப்பார். வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டி, அதன் மேல் அட்டையை வைத்து, ஜன்னலுக்குள் தெரிகிறதை மட்டும் பார்ப்பார். அப்புறம் ஒரு விரல் நகர்த்துவார். மறுபடி பார்ப்பார்.

"முழுசாப் பார்த்தா கண்ணு தானா முடிவு கட்டிரும், வேலுச்சாமி. ஒரு நேரத்துக்கு ஒரு எலும்பு."

உடம்பில் நீலத்தோடு குழந்தை வந்தால் மேடம் முதலில் கேட்பது, எப்படி விழுந்தது என்று அல்ல. "குழந்தை என்ன பண்ணும்?" என்பார். குப்புற விழுமா, தவழுமா, பிடித்து நிற்குமா, நடக்குமா? நடக்கிற குழந்தைக்கு முழங்காலிலும் அதற்குக் கீழே முன்காலிலும் நெற்றியிலும் நீலம் இருந்தால் அது நடக்கிறது என்று அர்த்தம். ஆர்.எஸ்.புரத்தில் இருந்து ஒருத்தர் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், இரண்டு முன்காலிலும் அஞ்சாறு நீலம், உடம்பு பூரா எக்ஸ்ரே எடுங்கள் என்று. மேடம் அந்தப் பிள்ளையிடம், "புது சைக்கிளுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியது. ஒரு படமும் எடுக்காமல் அனுப்பிவிட்டார். வேண்டாத இடத்தில் எடுக்காமல் இருப்பதும் நம் வேலைதான் என்பார்.

இடுப்புக்குக் கீழே, புட்டத்தில், பிறவியிலேயே நீலமாக இருக்கிற குழந்தைகள் நம் பக்கம் நிறைய. ஒரு தரம் புதிதாக வந்த நர்ஸ் அதைப் பார்த்துப் பதறிப்போய் எங்களைக் கூப்பிட்டது. மேடம் அதைச் சுற்றி ஒரு கோடு வரைந்து அளவு எடுக்கச் சொல்லி, நாலு நாள் கழித்துக் கொண்டுவரச் சொன்னார். அடிபட்ட நீலம் பச்சையாகி மஞ்சளாகிக் கலையும். பிறவி நீலம் அப்படியே இருக்கும். இருந்தது.

ஆனால் இன்னும் புரளக்கூடத் தெரியாத குழந்தைக்கு எங்கே நீலம் இருந்தாலும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சரியான காரணம் இல்லையென்றால் மேடம் விட மாட்டார். காது, கழுத்து, கன்னம், முதுகு, வயிறு, இந்த இடங்களில் இருந்தால் கூடுதல் கவனம். "தானா நகராத குழந்தை எங்கீங்க போயி இடிச்சுக்கும்? நீலம் தோலுக்கு மேல தெரியுது. உள்ள என்ன இருக்குன்னு குழந்தை சொல்லாது, நாமதான் கேக்கோணும்." ரத்தம் உறைகிற டெஸ்ட்டும் கூடவே எழுதுவார், அது சரியில்லாமலும் நீலம் வரும் என்பதால். எக்ஸ்ரேயும் என்னைப்போல ஒரே படமாக அல்ல. தலைக்கு இரண்டு, நெஞ்சுக்கு நேராக ஒன்று, இரண்டு பக்கமும் சாய்த்து இரண்டு, முதுகெலும்பு, இடுப்பு, அப்புறம் ஒவ்வொரு கையும் காலும் துண்டு துண்டாக, பாதம் வரைக்கும். இருபது படத்துக்கு வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, தலையை மட்டும் விட்டுவிட்டு, மறுபடியும் எல்லாம்.

எனக்கு இது பிடிக்கவில்லை. என் ஒரே படத்தில் வராதது இருபது படத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேடம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தபோது, ஒரு குழந்தை வந்தது. நாலு மாதம். பெண் குழந்தை. அதன் பேரைச் சொல்ல மாட்டேன். அம்மணி என்று வைத்துக்கொள்கிறேன். மதுக்கரையில் இருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு முப்பதுக்குள் இருக்கும், அவ்வளவு மரியாதையான ஆள். அம்மா ஒரு எட்டு பின்னாலேயே நின்றது. வலது காது மடலில் நீலம், முதுகில் இடது பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு நீலம்.

"உரம் விழுந்திருச்சுன்னு உரம் எடுத்தமுங்க. அதுல பட்டிருக்கும்ணா," என்றார் அப்பா.

கைக்குழந்தை விடாமல் அழுது கழுத்தைத் திருப்பவில்லையென்றால் நம் பக்கம் உரம் விழுந்திருச்சு என்போம். பழைய சேலையில் குழந்தையைப் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். என் பிள்ளைகளுக்கும் எடுத்திருக்கிறோம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

டியூட்டி டாக்டர் புதுப் பையன். "மேடம் இருந்தா தனித்தனியாத்தான் கேப்பாங்க, இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டார் என்பதுதான் முக்கியம். வேண்டாம் என்று சொன்னது நான்.

"மேடம் கேக்கறது மத்தவங்க எடுக்கற படத்துக்குங்க சார். நான் ஒரே படத்துல அடக்கிப்போடறேன். குழந்தைக்கும் கதிர் மிச்சம்."

அம்மணியைத் தூக்கி மேஜையில் போடும்போது வீலென்று அழுதது. போட்டதும் சற்று அடங்கியது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. எடுத்து முடித்து வெளியே வந்து, "என்ற பேர்ல ரிப்பீட்டே கிடையாதுங்க, கவலைப்படாமப் போங்க," என்றேன். "அண்ணனுக்குத் தெரியாததுங்களா," என்று அப்பா கும்பிட்டார். மேடத்துக்குப் பதிலாக வந்த டாக்டர் படத்தைப் பார்த்து, முறிவு தெரியவில்லை என்று எழுதினார். தெரியவில்லை என்றுதான் எழுதினார். இல்லை என்று எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை மேடம் வந்தார். லீவில் இருந்தபோது எடுத்த படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர் அம்மணி படத்தில் நின்றார். அட்டையை வைத்தார். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"நாலு மாசம். காதுல நீலம்னு எழுதியிருக்காங்க."

"உரம் எடுத்தாங்களாமுங்க மேடம்."

"உரம் எடுத்தா காது மடல்ல எப்படீங்க வரும்?"

அவர் அட்டையை முழங்காலுக்கு நகர்த்தினார்.

"கதிர் நடுவுல, வயித்துல விழுந்திருக்கு. ஓரத்துக்குப் போகப் போகச் சாஞ்சு விழும். மொழங்கால் முனை இந்தப் படத்துல எனக்குத் தெரியாதுங்க." இன்னும் மேலே, முதுகுப் பக்கம் விலா எலும்பு. அங்கே வெகு நேரம் நின்றார். "இதுவும் தெரியாது. என்னமோ இருக்கற மாதிரி இருக்கு."

பிறகு படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பரவால்லீங்க," என்றார்.

சீட்டில் இருந்த நம்பருக்கு அவரே போன் பண்ணினார். அணைத்து வைத்திருந்தது. முகவரி என்று மதுக்கரை, லைன் வீடு என்று மட்டும் இருந்தது. குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் பேசினார், ஆள் வருவதற்குச் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

"மதுக்கரையில உரம் எடுக்கறவங்க எனக்குத் தெரியுமுங்க," என்றேன். "அங்க விசாரிச்சா ஊடு கிடைச்சுரும்."

"போங்க. யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க, குத்தம் சொல்லாதீங்க. மறுபடி எது நடக்கறதுக்கும் முன்னால குழந்தை இங்க வந்தாகோணும். அது மட்டும்தான்."

மொபெட்டில் போனேன். சுந்தராபுரம் தாண்டுகிற வரைக்கும் என் மனசில் ஓடினது குழந்தை இல்லை. என் படத்தைக் குறை சொல்லிவிட்டாரே என்பதுதான். மேடம் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் பார்ப்பார், இப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன்.

மதுக்கரையில் உரம் எடுக்கிற சரோஜாவை எனக்கு வருஷக்கணக்காகத் தெரியும். என் வயதுதான். இட்லி மாவு அரைத்து விற்கிற கடை. போனபோது பாக்கெட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எக்ஸ்ரேக்காரர் இந்தப் பக்கம்? மாவுக்குள்ள எலும்பு கிடக்குதான்னு பாக்க வந்தீங்களா?"

நான் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். நீ உரம் எடுத்தாயாமே என்றேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டது.

"நான் எடுக்கவே இல்லீங்களே. கொண்டாந்தாங்க. துணியில போடலாம்னு தூக்கினேன், வீல்னு கத்துச்சு. கீழ போட்டேன், அடங்குச்சு. மறுபடி தூக்கினேன், மறுபடி கத்துச்சு. எந்தக் குழந்தையும் தூக்கினா அடங்கும், கீழ போட்டா அழும். இது திருப்பிப்போட்ட மாதிரி இருக்குது. அப்புறம் பாத்தா காதுல நீலம். நான் கையை எடுத்துட்டேன். இது உரம் இல்லீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி எலும்பைப் பாக்கச் சொல்லுங்கன்னு அந்த அம்மாக்காரப் புள்ளைகிட்டச் சொல்லித்தான் தாட்டி உட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தது. "உங்ககிட்டத்தான வந்தாங்க? பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்," என்றேன்.

"பாத்தீங்கன்னா அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பொம்பளை. மிஷின் இல்லை, பிலிம் இல்லை. தூக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டது. என் மேஜையிலும் அந்தக் குழந்தை அப்படித்தான் அழுதது, அப்படித்தான் அடங்கியது. நான் அதைப் படம் எடுக்கிற வசதி என்று நினைத்தேன்.

சரோஜாவே கூட வந்து வீட்டைக் காட்டியது. வாசலில் அப்பா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்கண்ணா, வாங்க. நீங்களே நேர்ல வந்துட்டீங்களா? போன்ல சார்ஜ் இல்லீங்க." கதவுப் பக்கம் அம்மா குழந்தையோடு நின்றது. அம்மணியின் கண் திறந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் மூச்சு வந்தது.

வழியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னேன். "படம் சரியா வரலீங்க. என்ற தப்பு. மறுபடி எடுக்கோணும்."

"உங்க படமுங்களா? ரிப்பீட்டே இல்லைன்னு சொன்னீங்களே," என்று சிரித்தார். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொன்னனுங்க. இப்ப இருக்குதுங்க."

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாரமுங்க."

"இன்னைக்கே எடுத்து நோட்டுல எழுதோணும். இல்லீன்னா என்ற வேலைக்கு ஆகாதுங்க, தம்பி." வயதில் சின்னவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எந்த மேனேஜர் முன்னாலும் அப்படி நின்றதில்லை.

பின்னால் இருந்து சரோஜா, "போய்ட்டு வந்துருங்க கண்ணு. பெரிய மனுசன் ஊடு தேடி வந்து நிக்கறாரு," என்றது.

நம் பக்கத்து ஆட்களுக்கு அப்படிக் கேட்டுவிட்டால் முடியாது என்று சொல்ல வராது. அவருக்கும் வரவில்லை. "அதுக்கென்னங்கண்ணா," என்று சட்டையை எடுக்க உள்ளே போனார். அவர் அதைச் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா குழந்தையைத் துண்டில் சுற்றியிருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தது. அவ்வளவுதான்.

வாசலில் சொன்னதை நான் பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். குழந்தையை வரவைக்க ஒரு சாக்கு. ஆட்டோவுக்குப் பின்னால் மொபெட்டில் வரும்போதும் அப்படித்தான் நினைத்தேன். சரோஜா சொன்னதைக் கேட்ட பிறகும், என் படத்தில் தப்பு இருக்கும் என்று ஒப்புக்கொள்ள என் மனசு தயாராக இல்லை.

அன்றைக்கு மேடம் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே நின்றார். ஒரு நர்ஸும் சாட்சிக்கு நின்றது. பிலிம் போட்ட கேசட்டை மேஜை மேல் வைத்து, ஒரு மெல்லிய துணியை விரித்து, அடியில் வெந்நீர்ப் பையைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தேன், பிலிமின் குளிர்ச்சி குழந்தை முதுகில் படக் கூடாதென்று. தூக்கும்போது கக்கத்தில் கை கொடுக்காமல் துணியோடு சேர்த்துத் தூக்கினோம். முதலில் நெஞ்சு. அழுகைக்கு நடுவில் அந்த ஒரு நொடி. பிறகு அதே நெஞ்சு வலது பக்கம் சாய்த்து, இடது பக்கம் சாய்த்து. ஒவ்வொரு படத்திலும் வலது இடது என்று ஈய எழுத்தை வைத்து நர்ஸிடம் காட்டிவிட்டு எடுத்தேன். தலை இரண்டு, முதுகெலும்பு, இடுப்பு. அப்புறம் மேல்கை, முன்கை, உள்ளங்கை. தொடை, முழங்காலில் இருந்து கணுக்கால் வரை, பாதம். ஒவ்வொரு எலும்புக்கும் நேர் மேலே எக்ஸ்ரே குழாயைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு படமும் கெடவில்லை. இதையும் சொல்லத்தான் செய்வேன். அது என் கை.

மேடம் வெளிச்சப் பெட்டி முன் உட்கார்ந்து அட்டையை வைத்தார். சாய்த்து எடுத்த நெஞ்சில் ஜன்னல் நின்றது.

"பாருங்க."

இடது பக்கம், முதுகெலும்பை ஒட்டின இடத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று விலா எலும்பில் குமிழ் குமிழாகத் தடித்திருந்தது. ஒடிந்து, ஒட்டிக்கொண்டு வருகிற எலும்பு. "ரெண்டு கையால நெஞ்சைச் சேத்துப் புடிச்சு இறுக்கினாத்தான் அந்த இடத்துல ஒடியும். ரெண்டு வாரம் முன்னால இருக்கும்." பிறகு அட்டை இடது முழங்காலுக்கு வந்தது. எலும்பு முனையில், நகம் வெட்டி எறிந்த துண்டு போல, ஒரு மெல்லிய விளிம்பு தனியாக நின்றது. "இது புதுசு. தடிப்பே இல்லை."

"செவ்வாய்க்கிழமைக்கு முன்னாலயா, பின்னாலயாங்க மேடம்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"சொல்ல முடியாதுங்க. செவ்வாய்க்கிழமை இந்த மொழங்காலைத் தனியா எடுத்திருந்தா சொல்லியிருக்கலாம்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தெரியாது. நான் தைரியம் சொல்லி அனுப்பிவைத்த அந்த நாலு நாளில் நடந்ததா, அதற்கு முன்பா என்று.

தலையை ஸ்கேன் பண்ணினார்கள், கண் டாக்டர் வந்து பார்த்தார், இரண்டும் நன்றாக இருந்தன. ரத்த டெஸ்ட்டும் நன்றாகவே இருந்தது. நல்ல ரத்தம் என்றால் நீலத்துக்கு வேறு காரணம். அலுவலகத்துக்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது. யார் செய்தது என்று நான் கேட்கப் போனபோது மேடம் நிறுத்திவிட்டார். "என்ன, எங்க, எப்பன்னு மட்டும்தான் படம் சொல்லும். யாருன்னு படத்துல இருக்காதுங்க. நமக்கும் அது வேண்டாம்." பின்னால் ஊரே பேசியது. நான் அதை எழுத மாட்டேன். அப்பாவை அழைத்துப் போகும்போது என்னைக் கடந்துதான் போனார். நின்று, "படம் இப்பச் சரியா வந்துச்சுங்களாண்ணா?" என்று கேட்டார். "வந்துச்சுங்க," என்றேன்.

அம்மாவும் குழந்தையும் கொஞ்ச நாள் வார்டில் இருந்துவிட்டு, வால்பாறையில் அம்மாவின் பெற்றோர் இருக்கும் எஸ்டேட் லைனுக்குப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து மலைப் பஸ்ஸில் இறங்கி மறுபடி வந்தார்கள். தலையைத் தவிர மறுபடி எல்லாப் படமும் எடுத்தேன். மேடம் ஒவ்வொரு எலும்பாக ஜன்னலை நகர்த்திக்கொண்டே போனார். முழங்காலில் இப்போது தடிப்பு வந்திருந்தது, விலாவில் தடிப்பு உருண்டு வழுவழுப்பாகியிருந்தது. கடைசிப் பாதம் வரைக்கும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. நான் உட்காரவில்லை.

"புதுசா ஒண்ணும் இல்லீங்க," என்றார்.

மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா குழந்தையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டது. அம்மணி அழவில்லை.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். துண்டு துண்டாக முதல் தரம் எடுத்த அந்தச் சனிக்கிழமையே எழுதிவிட்டேன். அப்படி எடுத்ததை ரிப்பீட் என்று எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. டாக்டர் புதிதாகக் கேட்ட படம், அது வேறு கணக்கு. யாரும் என்னை எழுதச் சொல்லவும் இல்லை. ஆனால் மதுக்கரை வாசலில் எல்லார் முன்னாலும் நோட்டில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அட்டை ஜன்னலுக்குள் அந்த மூன்று விலா எலும்பைப் பார்த்த பிறகு, நான் அங்கே சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்று ஆகிவிட்டது. நோட்டைப் பிரித்தேன். பெயர், தேதி எழுதினேன். அசைவு இல்லை. கருப்பு இல்லை, வெளுப்பு இல்லை. இடமும் தவறவில்லை, குழந்தை முழுசாகப் படத்துக்குள்தான் இருந்தது. அச்சடித்த நாலு காரணத்தையும் அடித்துவிட்டு, ஓரத்தில் பேனாவால், எடுத்தவர் தவறு என்று எழுதினேன். மேடத்திடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

படித்தார். பரவால்லீங்க என்பார் என்று நின்றேன். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "சரிங்க," என்றார்.

முப்பத்தேழு வருஷத்தில் அவர் என் வேலையைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னது அந்த ஒரு தரம்தான். சத்யா, மற்ற பக்கங்களை எடைக்குப் போட்டுக்கொள். அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு எடுத்து வை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.